முறைசொல்லி

"அவன் உனக்கு அண்ணன் இல்லேன்னு நீதானேடி எல்லாருக்கும் நடுவுல—"

"நான் எங்கம்மா சொன்னேன்? லேப்டாப்புதான்—"

"லேப்டாப்பு இன்னா எதிர்வூட்டுதா? நீ அடிச்சு வெச்சதத்தானே அது—"

"அடிச்சு வெச்சது கிளாஸுக்கும்மா. அதுக்குப் போயி டிபன் பாக்ஸ புடிச்சுக்கினு—"

"கிளாஸுக்கோ மாஸுக்கோ, வந்துடுச்சு இல்ல? இன்னிக்கு ரயிலு கெடையாது. வூட்ல உக்காந்து துன்னு."

சிவசங்கரி டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியை மறித்து நின்றாள். மகள் அக்ஷயா தோளில் பை, ஒரு காலில் செருப்பு, மறு காலில் ஒன்றுமில்லை என்ற நிலையில் அவளைத் தாண்ட இடம் பார்த்தாள். தெருவில் ரகுவின் பைக் ஹாரன் கேட்டது. தினமும் கேட்கிற ஹாரன்தான். ஆந்திர எல்லை ஊரான நகரியில் அந்தத் தெரு முழுக்கப் பவர்லூம் தறிகள். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று அவன் நீளமாக அடிப்பான். அன்றைக்குச் சின்னதாக அடித்தான்.

"கேட்டியா? தெருவையே எழுப்பிக்கினு வர்றவன். இன்னிக்கு அவனுக்கே கூச்சமா கீது. போயி வரலன்னு சொல்லிட்டு வா."

"நீயே சொல்லு."

"நான் எப்டிச் சொல்றது? முந்தாநாளு வரைக்கும் என் அக்கா மவன். இன்னிக்கு அவன் யாருன்னே எனக்குப் புரியல."

"எதுவும் மாறலம்மா. ரகு அண்ணன் ரகு அண்ணன்தான்."

"அத உன் பொட்டிய சொல்லச் சொல்லு."

யாரும் வெளியே போகவில்லை. பைக் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் பக்கமாகப் போய்விட்டது.

"போய்ட்டான். இப்ப சந்தோஷமா?" என்றாள் அக்ஷயா. "சனிக்கிழமை புராஜெக்ட் காட்டணும்மா. காட்டினவங்களத்தான் அடுத்த பேட்சுல சேத்துக்குவாங்க. வாரம் முழுக்கப் போவாம சனிக்கிழமை மட்டும் போயி நின்னா சாரு இன்னா நெனைப்பாரு? சரி, ஒத்தையிலயே போறேன். லேடீஸ் பொட்டி கீது."

"ரயில்ல லேடீஸ் பொட்டி கீது. திரும்பி வரப்போ ரயிலடியிலேர்ந்து வூடு வரைக்கும் லேடீஸ் ரோடு போட்டு வெச்சிருக்காங்களா? ரகு கூட கீறான்ற தகிரியத்துலதான் உங்க நைனா உன்ன அனுப்பினாரு."

அது உண்மை. திருப்பதியில் பைத்தான் வகுப்பு என்று அக்ஷயா முதலில் சொன்னபோது அவள் அப்பா எழிலரசன் தறியை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டார். வேண்டாம் என்று. ரகுதான் வந்து பேசினான். "நான் டெய்லி ரேணிகுண்டா போறேன் சித்தப்பா. அதே ரயிலு. கூட்டிக்கினு போயி கூட்டிக்கினு வரேன். என் தங்கச்சி இல்லியா?" அதற்கு எழிலரசன் சரி என்றார். ரகுவுக்கு ரேணிகுண்டாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அவன் அங்கே இறங்குவான். அவள் திருப்பதி வரை போவாள். சாயங்காலம் அவன் ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் நின்று அவள் வருகிற அதே பெட்டியில் ஏறுவான். இருவரும் சேர்ந்து போய் வருவதைப் பற்றித் தெருவில் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அண்ணன் தங்கச்சி. என்ன கேட்பது?

ரயிலில் ரகு ஜன்னல் சீட்டை அவளுக்கு வாங்கிக் கொடுப்பதில் கெட்டிக்காரன். அரக்கோணம் பக்கமிருந்து வரும் பெட்டியில் எப்போதும், புத்தூரில் இறங்கி எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள, கையையோ காலையோ உடைத்துக்கொண்ட ஒருவராவது இருப்பார். "அண்ணே, புத்தூர்தானே? கட்டுப் போட்டுக்கினு வர்றதுக்குத்தானே?" என்று கேட்டு, அவர் எழுந்திருக்கும்முன்பே அவருடைய பையைத் தூக்கிக் கொடுத்து, "பாப்பா, உக்காரு" என்பான்.

"நீ சீட்டு புடிக்கிறதுக்கே ஒரு புரோகிராம் எழுதலாம்ணா."

"எழுது. 'கை ஒடஞ்சவரு இருந்தா, பின்னால நில்லு.' அவ்ளோதான்."

புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் விழித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வகுப்பு நடத்துகிறவர் கோகுலகிருஷ்ணன். மூன்று மாநில எல்லையில் இருக்கிற குப்பம் ஊர்க்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாடம் எடுப்பார், மூன்றிலும் திட்டுவார்.

"கால்குலேட்டர் வத்து. நம்பர் கண்டுபிடிக்கிற ஆட்டம் வத்து," என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "வேணாம். அது ரெண்டையும் நெட்டுலேர்ந்து எறக்கி, மேல உங்க பேரப் போட்டு எனக்கே கொண்டாந்து குடுப்பீங்க. உங்க வூட்ல ஒரு கஷ்டம் இருக்கும் இல்ல? சின்ன கஷ்டம். அத தீத்து வெக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் கொண்டாங்க. இஃப் வரணும், லூப் வரணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

"சார், எங்க வூட்ல யாரு யார இன்னா சொல்லிக் கூப்புடறதுன்னே தெரியாது சார். கல்யாணத்துக்குப் போனா எங்கம்மா பின்னால நின்னு கிள்ளுவாங்க. 'மாமான்னு சொல்லுடி, சித்தப்பான்னு சொல்லாதே'ன்னு."

"வரசலா?" என்று சிரித்தார் அவர். முறை என்பதற்குத் தெலுங்கில் அதுதான் சொல். "பலே. செய்யி. ஆனா ஒண்ணு, அது நீ நெனைக்கிற மாதிரி சின்ன கஷ்டம் இல்ல."

இப்படித்தான் முறைசொல்லி உண்டானது. ஒவ்வொருவருக்கும் பேர், அப்பா பேர், அம்மா பேர், வயது. அதற்குக் கீழே விதிகள். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கை. அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகள் என்றாலும் அப்படியே. மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் கட்டிக்கொள்கிற முறை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய், தாத்தா காலத்து உறவு வரைக்கும் எட்டியது. இரண்டு பேரை அடித்து என்டர் தட்டினால் ஒரு வரி வரும்: இன்னார் இன்னாருக்கு இன்ன முறை.

முதல் தடவை ஓட்டியபோது பாலையா சித்தப்பாவைச் சித்தி என்றது.

"சரியாத்தான் சொல்லுது, அவரு சித்தி மாதிரிதான் புலம்புவாரு" என்று ரகு ரயிலில் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான். பிறகு அவனேதான் சொன்னான்: "ஏ பாப்பா, ஆம்பளையா பொம்பளையான்னு நீ அதுங்கிட்ட சொல்லவே இல்லியே. அதுக்கு எப்டித் தெரியும்?"

சிவசங்கரியும் சந்தோஷமாகத்தான் பேர் சொன்னாள். கீரை ஆய்ந்துகொண்டே மூன்று தலைமுறையை ஒப்பித்தாள். "என் பேர மறக்காம போடு. உங்க நைனா பேருக்கு மேல போடு." அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை ரகு வீட்டில் விசேஷம். அவன் அப்பா நாகபூஷணம் மாடி கட்டிப் பால் காய்ச்சினார். சாப்பாடு முடிந்து எல்லாரும் புது ஹாலில் கால் நீட்டிக் கிடந்த நேரம். எழிலரசனின் அக்கா கங்கம்மாள், வெற்றிலையை மென்றபடி கேட்டாள்: "ஏண்டி அக்ஷயா, நீ இன்னாவோ ஜோசியம் பாக்கற பொட்டி செஞ்சிருக்கியாமே?"

"ஜோசியம் இல்ல அத்தே. முறை சொல்லும்."

"அதான் நான் ஒருத்தி உசுரோட கீறனே, சொல்றதுக்கு."

"நீங்க இல்லாத கல்யாணத்துக்கு வேணுமில்ல?"

"வாய பாரு. சரி, அடி. பாக்கலாம்."

பாலையா தன் பேரையும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சந்துருவின் பேரையும் சொன்னார். மருமகன் முறை என்று வந்தது.

"மருமவனா! அடப்பாவி, இத்தினி வருஷமா மச்சான் மச்சான்னு கூப்ட்டுக்கினு என் எலையிலேர்ந்து லட்டு எடுத்துத் துன்னுக்கினு கீறான்!"

"இன்னிக்குத் துன்னத மருமவனா துன்னதா வெச்சுக்கோங்க மாமா."

ஹால் கலகலத்தது. ஆளாளுக்குப் பேர் சொன்னார்கள். கங்கம்மாள் எல்லாவற்றையும் விரலை மடக்கிச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. கடைசியில் சொன்னாள்: "ரகுவையும் உன்னையும் போடு."

"நாங்க அண்ணன் தங்கச்சி அத்தே. அது எதுக்கு?"

"போடுறீ. அதுவாவது தப்பா வருதான்னு பாப்போம்."

போட்டாள். ரகு அக்ஷயாவுக்கு முறை மாப்பிள்ளை என்று வந்தது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பாலையா தொடையைத் தட்டிச் சிரித்தார். நாகபூஷணம் மட்டும் சிரிக்காமல் திரையைப் பார்த்தார்.

"தப்பு இல்லியே," என்றார் அவர். "எழிலு எனக்கு மாமன் மவன். எங்கம்மா அவங்க நைனாவோட கூடப் பொறந்தவங்க. எனக்கும் அவனுக்கும் மாமன் மச்சான் முறை. அப்போ எங்க புள்ளைங்க கட்டிக்கிற முறைதானே?"

"அது இன்னா பேச்சு?" என்றாள் சிவசங்கரி. "ரேகா எனக்கு அக்கா. எங்கம்மாவும் அவங்கம்மாவும் கூடப் பொறந்தவங்க. ஒரே வூட்ல வளந்தோம். அக்கா புள்ளையும் தங்கச்சி புள்ளையும் இன்னா முறை?"

இரண்டுமே எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். அப்பாக்கள் மாமன் மச்சான். அம்மாக்கள் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. பிள்ளைகள் பேசப் பழகிய நாளில் அம்மாக்கள் இரண்டு பேரும் முந்திக்கொண்டு, "அண்ணன்னு சொல்லு, தங்கச்சின்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதோடு அது முடிந்துபோயிற்று. இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ரகுவின் அம்மா ரேகா, பாயசக் கிண்ணங்களை வைத்திருந்த தட்டோடு நின்றவள், தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். ரகு வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்குவதை நிறுத்தினான். பிறகு அடுக்கினான்.

"முறைன்னா முறைதான்," என்று கங்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள். "பொட்டி பொய் சொல்லாது."

மறுநாள் ரகுவுக்குக் கம்பெனி லீவு, அதனால் அக்ஷயாவுக்கும் ரயில் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில்தான் டிபன் பாக்ஸ் சண்டை.

பைக் போன பிறகு சிவசங்கரி சமையலறைக்குப் போய்விட்டாள். அக்ஷயா செருப்பைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏமம்மா, கிளாஸுக்கு வரல?"

"சார், புரோகிராம்ல பிரச்னை சார்."

"எர்ரர் வருதா?"

"எர்ரர் வந்திருந்தா பரவால்ல சார். நல்லா ஓடுது. ஒரே ஆளு ரெண்டு முறைக்கும் வர்றாரு. நைனா வழியில பாத்தா மாப்பிள்ளை. அம்மா வழியில பாத்தா அண்ணன்."

"எத மொதல்ல செக் பண்ற?"

"நைனா வழி சார்."

"ஏன்?"

அவள் யோசித்தாள். அதை அவளே கேட்டுக்கொண்டதில்லை.

"தெரில சார். ஸ்கூல்ல, ஆதார்ல, எங்க போனாலும் தகப்பன் பேருதானே சார் மொதல்ல கேக்கறாங்க. கை அப்டியே போயிடுச்சு."

"அதான். மேல இஃப், கீழ எலிஃப். மேல இருக்கறது சரின்னா கீழ இருக்கறத அது திரும்பிக்கூடப் பாக்காது. அது தப்புப் பண்ணல, நீ சொன்னதச் செஞ்சுது. ரெண்டும் நிஜம்னா ரெண்டையும் பிரிண்ட் பண்ணு. எலிஃப எடுத்துட்டு இன்னொரு இஃப் போடு. அயிப்போயிந்தி, முடிஞ்சுது."

"எங்க வூட்ல ரெண்டையும் பிரிண்ட் பண்ண முடியாது சார்."



"சரே," என்றார் அவர். "அப்போ எது மேலன்னு நீ முடிவு பண்ணணும். அத கம்ப்யூட்டர் பண்ணாது, நானும் பண்ண முடியாது. சனிக்கிழமை கொண்டா. ஆனா ஆளே வராம வாட்ஸாப்ல அனுப்பி வெக்காதே, நான் ஒத்துக்கமாட்டேன்."

அவள் பழைய ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு பேரில் ஒரு நகல் எடுத்தாள். அதில் மேலே இருந்ததை வெட்டிக் கீழே ஒட்டினாள். கீழே இருந்தது மேலே வந்தது.

"ம்மா. இங்க வா."

"கை ஈரமா கீது."

"கை வேணாம், கண்ணு போதும். வந்து பாரு."

சிவசங்கரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரகு அக்ஷயாவுக்கு அண்ணன் என்று திரையில் இருந்தது.

"இன்னொரு வாட்டி அடி."

அடித்தாள். அண்ணன்.

"இன்னாடி பண்ணே?"

"ரெண்டு வரிய மேல கீழ மாத்தினேன். உன் வழி மேல, நைனா வழி கீழ."

"அவ்ளோதானா? ரெண்டு வரிக்கா ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல?" அவள் குனிந்து பார்த்தாள். "மத்ததெல்லாம் கெட்டுப்போயிடலியே? நானும் உங்க நைனாவும் அடி."

அடித்தாள். கணவர் என்று வந்தது.

"உம். அது சரியா கீது."

மத்தியானம் எழிலரசன் தலையில் பஞ்சோடு சாப்பிட வந்தார். சிவசங்கரி சாதத்தைப் போடுவதற்கு முன் செய்தியைப் போட்டாள். "உங்க பொண்ணு சரி பண்ணிட்டா. அண்ணன்னு வந்துடுச்சு. நாளைக்கு ரயிலுக்கு அனுப்பிடலாம்."

"எப்டி வந்துச்சு?"

"அம்மா வழிய மேல போட்டேன் நைனா. உங்க வழி கீழ."

"என் வழி ஏன் கீழ போவணும்?"

"கீழ மேலன்னா மரியாதை இல்ல நைனா. எத மொதல்ல பாக்கறதுன்றதுதான்."

"அதத்தான் நானும் கேக்கறேன். என்னுத ஏன் மொதல்ல பாக்கக்கூடாது? நாகபூஷணம் எனக்குச் சொந்த அத்தை மவன். உங்கம்மாவும் ரேகாவும் ஒண்ணுவிட்டதுதானே? எது கிட்ட?"

"ஒண்ணுவிட்டதா?" என்றாள் சிவசங்கரி. "ஒரே தட்டுல துன்னோம். ஒரே பாவாடைய மாத்தி மாத்திக் கட்டினோம்."

"பாவாடை மாத்திக் கட்டினா ரத்தம் ஆயிடுமா?"

"ஓஹோ. நைனாவுக்கு இன்னிக்குத்தான் அத்தை மவன் ஞாபகம் வருதா? மாடி கட்டினதும் வருதா?"

"இதுல மாடி எங்க வந்துச்சு? அவரு நேத்து தறிக்கொட்டாய்க்கே வந்து பேசினாரு. சொல்லக்கூடாதுன்னு பாத்தேன்."

அக்ஷயா நிமிர்ந்தாள். "இன்னா பேசினாரு?"

எழிலரசன் சாதத்தைப் பிசைந்தார். "ஒண்ணும் இல்ல. முறை இருக்குது, புள்ளைங்களும் ஒண்ணா போயி வந்துக்கினு கீதுங்க, வெளியில எதுக்குத் தேடணும்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"நான் படிச்சுக்கினு கீறேன் நைனா."

"படி. யாரு வேணாம்னா? கல்யாணம் ஆனவங்க படிக்கக்கூடாதுன்னு சட்டமா?"

"ரயில்ல போவக்கூடாதுன்னு சட்டம். இப்பவே ரெண்டு வாட்டி போவல. அவன் முறை மாப்பிள்ளைன்னா கல்யாணம் வரைக்கும் ஒண்ணா ரயில்ல ஏத்துவீங்களா என்ன?"

"ஏத்தமாட்டோம்," என்றாள் சிவசங்கரி. "தெரு சிரிக்கும்."

"ஒத்தையில அனுப்புவீங்களா?"

"அனுப்பமாட்டேன்," என்றார் எழிலரசன்.

"அப்போ கிளாஸு முடிஞ்சுது. அத நேராவே சொல்லிடுங்களேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்தப் பார்வையில் மட்டும்தான்.

சிவசங்கரிதான் முதலில் இறங்கினாள். "எனக்கு இது புடிக்கல. அக்கா மவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நாளைக்கு அக்காவ சம்மந்தின்னா கூப்புடுவேன்? அவளுக்கும் புடிக்கல. தட்ட வெச்சுட்டு உள்ள போனத நான் பாத்தேன். இங்க பாருங்க, நீங்களும் நானும் பேசினா இது முடியாது. ரகு வரட்டும். உங்க எதிர்ல நின்னு, 'அக்ஷயா என் தங்கச்சி'ன்னு அவன் வாயால சொல்லட்டும். சொன்னா நாளைக்கு ரயிலு. அவங்க நைனாவுக்கும் அதையே பதிலா சொல்லிடலாம்."

"சொல்லலன்னா?"

"ஏன் சொல்லமாட்டான்?" என்றாள் அக்ஷயா. "நீங்க வேணாம்னு சொன்னப்போ, தங்கச்சின்னு சொல்லித்தானே உங்ககிட்ட பர்மிஷன் வாங்கினான்?"

எழிலரசன் மோர் ஊற்றிக்கொண்டார். "சரி. அவன் வாயால வந்தா, நானும் என் வரிய மேல வெக்கச் சொல்லமாட்டேன்."

அக்ஷயா போனில் அடித்தாள்: 'அண்ணா, டூட்டி முடிஞ்சதும் வூட்டுக்கு வா. நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். வேற ஒண்ணும் இல்ல.' அவன் பார்த்துவிட்டதற்கான நீல அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. டூட்டியில் இருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் முழுக்கப் புராஜெக்டை ஒழுங்குபடுத்தினாள். தப்பான பேர் அடித்தால் 'இந்தப் பேர் இல்லை' என்று சொல்லவைத்தாள். ஒரு தடவை கேட்டதோடு நின்றுபோகாமல், 'இன்னும் பார்க்கவேண்டுமா?' என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு லூப் போட்டாள். எல்லாம் ஓடியது. சார் கேட்டது இவ்வளவுதான்.

சாயங்காலம், விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், பைக் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. ரகு கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் ஐடி கார்டோடு, நேராக ரயிலடியிலிருந்து வந்திருந்தான். வழக்கமாக வாசலில் கால் வைக்கும்போதே "சித்தி, டீ" என்று குரல் கொடுக்கிறவன். அன்று யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. உள்ளே வந்து, எழிலரசனுக்கு எதிரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வாப்பா," என்றார் எழிலரசன்.

"உம்."

"ரயிலு கூட்டமா?"

"இல்ல. ஜன்னலு சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு."

சிவசங்கரி டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ரகு, சுத்தி வளைக்கல. நாங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர முடியல. இது உன் பேச்ச வெச்சுத்தான் கீது. இவ நாளைக்குக் கிளாஸுக்குப் போவணும். நீதான் கூட்டிக்கினு போவணும். அதுக்கு முன்ன, இவ உனக்கு இன்னான்னு உங்க சித்தப்பா எதிர்ல ஒரு வார்த்த சொல்லிடு."

ரகு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. மேஜை மேல் லேப்டாப் திறந்திருந்தது.

"இதானா அது?" என்று அக்ஷயாவிடம் கேட்டான்.

"ஆமாண்ணா. இங்க பாரு, இந்த ரெண்டு வரிதான். இது அம்மா வழி, மேல வெச்சுட்டேன். இது நைனா வழி, கீழ. இப்ப ஓட்டினா சரியா வருது. பாக்கறியா?"

அவன் பார்த்தான். அவள் பேர்களை அடித்தாள். அண்ணன் என்று வந்தது.

"நல்லா பண்ணியிருக்க," என்றான்.

"ஆம்பளையா பொம்பளையான்னு சேக்கச் சொன்னது நீதானே. சனிக்கிழமை சாருகிட்ட உன் பேரையும் சொல்லுவேன்."

"என் பேரு எதுக்கு?"

"சொல்லுவேன். நீ இல்லேன்னா நான் திருப்பதிக்கே போயிருக்கமாட்டேனே."

எழிலரசன் தொண்டையைச் செருமினார். ரகு கோப்பையை மேஜையில் வைத்தான். திரையில் இருந்த இரண்டு வரிகளையும் இன்னொரு தடவை படித்தான். படிக்க அவ்வளவு நேரம் ஆகிற வரிகள் இல்லை.

"மாத்தறதுக்கு முன்ன இருந்தது, அது கீதா? அழிச்சிட்டியா?"

"கீது. வேற ஃபைல்ல. எதுக்குணா?"

"சும்மா. தெறயேன்."

அவள் திறந்தாள். அவனே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, தன் பேரை அடித்தான். பிறகு அவள் பேரை. என்டரைத் தட்டினான். வந்த வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ரகு, டீ ஆறுது," என்றாள் சிவசங்கரி. "ஒரு வார்த்ததானேப்பா."

அவன் அவளைப் பார்க்கவில்லை, எழிலரசனையும் பார்க்கவில்லை.

"இத மாத்தாமலே வுட்டுட்டா இன்னா, அக்ஷயா?"